பஞ்சியா, நோவா? மூட்டுவாதமுள்ள பிள்ளைகளும் எமது பாடசாலைகளும்

யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'பஞ்சி' என்றொரு சொல் உண்டு. சோம்பலுக்கு நாம் வழங்கும் பெயர் அது. எழும்பப் பஞ்சி, எழுதப் பஞ்சி, நடக்கப் பஞ்சி என்று எமது பிள்ளைகளை நாள்தோறும் ஏசுகின்றோம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த ஏச்சுப் பொருந்தவும் கூடும். ஆனால் அந்த ஒரு சொல்லைச் சுமந்தபடி, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தகுந்த வைத்தியம் இன்றித் துன்புற்ற சிறுமி ஒருத்தியை நாம் அறிவோம்.

வலிகாமத்தின் கரையோரக் கிராமம் ஒன்றில் வாழும் கடற்றொழிலாளர் குடும்பம் அவளுடையது. அப்போது அவளுக்கு எட்டு வயது. காலையில் பாயிலிருந்து எழும்பும்போது முழங்கால் மடங்காது. கைவிரல்கள் விறைத்திருக்கும். தாய் தூக்கி நிறுத்தி, முகம் கழுவி, சட்டை போட்டு அனுப்புவார். பாடசாலைக்குப் போய்ச் சேரும்போது மணி அடித்து அரைமணி நேரம் ஆகியிருக்கும். பிந்தி வருவோர் வரிசையில் நிற்பாள். கரும்பலகையில் உள்ளதை எழுதி முடிக்கமாட்டாள். ஆனால் பத்தரை மணி இடைவேளையில் மற்றப் பிள்ளைகளோடு ஓடித் திரிவாள். "படிக்க எண்டால் நோகும், விளையாட எண்டால் நோகாது" என்று அயலவர் தீர்ப்புச் சொல்லிவிட்டனர். பெற்றோரும் அதை நம்பினர்.

எமது பங்கும் இதில் உண்டு. ஞாயிறு திருப்பலியில் முழந்தாளிடாமல் வாங்கில் சாய்ந்திருந்த அவளை, மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர் எழுப்பி முன்வரிசையில் முழந்தாளிட வைத்தார். பீடத்திலிருந்து அதைக் கண்டும் நாம் ஒன்றும் சொல்லவில்லை. பக்தி குறைந்த பிள்ளை என்றே நாமும் எண்ணினோம். கடைசியில், வேறொரு குழந்தையைப் பார்க்க அவ்வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர்தான் அவளது முழங்கால் வீங்கியிருப்பதைக் கண்டு வைத்தியசாலைக்கு அனுப்பி வைத்தார். அங்கே நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தது: சிறுவர் மூட்டுவாதம்.

இந்த நோயைப் பற்றியும், அதைச் சுமக்கும் பிள்ளைகளின் கல்வியைப் பற்றியும், அவர்களது குடும்பங்களுக்கு நாம் என்ன செய்யலாம் என்பது பற்றியும் சில விடயங்களை இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

நோயை அறிந்துகொள்வோம்

மூட்டுவாதம் முதியவர்களின் நோய் என்றே எம்மில் பலர் நினைக்கின்றோம். அது தவறு. 16 வயதுக்கு முன் தொடங்கி, குறைந்தது ஆறு வாரங்கள் நீடித்து, வேறு காரணம் எதுவும் கண்டுபிடிக்கப்படாத மூட்டு அழற்சியையே மருத்துவர்கள் சிறுவர் மூட்டுவாதம் என்கின்றனர். உலகில் ஏறக்குறைய ஆயிரம் பிள்ளைகளில் ஒருவருக்கு இது வருவதாகப் பொதுவாகக் கணிக்கப்படுகின்றது. நாட்டுக்கு நாடு இக்கணக்கு மாறுபடும். இலண்டன் குழந்தைகள் வைத்தியசாலையில் பணியாற்றிய ஜோர்ஜ் பிரெடரிக் ஸ்ரில் என்ற மருத்துவர், 20க்கு மேற்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்து, 1897 ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி விரிவாக எழுதினார்.

உடலைக் காக்க வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி வழிதவறி, மூட்டுக்களின் உட்படையையே தாக்குவதால் இந்த அழற்சி உண்டாகின்றது. அது ஏன் வழிதவறுகின்றது என்பது இன்னும் முழுமையாகத் தெரியவில்லை. இது தொற்றுநோய் அல்ல. விழுந்ததாலோ, குளிர்ந்த நீரில் குளித்ததாலோ, உண்ட உணவாலோ வந்ததும் அல்ல. எவருடைய பாவத்துக்கும் கிடைத்த தண்டனையும் அல்ல. கடைசியாகச் சொன்னதைப் பங்குத்தந்தையர் வாய்திறந்து சொல்ல வேண்டும். ஏனெனில் அந்தப் பயம் தாய்மாரின் மனதில் இருப்பதை நாம் கண்டிருக்கின்றோம்.

சிலருக்கு ஓரிரு மூட்டுக்களில் மட்டும் நோய் இருக்கும். சிலருக்கு விரல்கள், மணிக்கட்டு, கழுத்து என்று பல மூட்டுக்களில் பரவும். இன்னும் சிலருக்குக் கடுங்காய்ச்சலோடும் தோலில் தோன்றி மறையும் செந்தடிப்போடும் தொடங்கும். எந்த வகையானாலும் இரண்டு அடையாளங்களைப் பெற்றோரும் ஆசிரியரும் மனதில் வைத்திருக்க வேண்டும். ஒன்று, காலை விறைப்பு. மற்றது, நெடுநேரம் இருந்து எழும்பும்போது வரும் விறைப்பு. வளரும் வயதில் வரும் சாதாரண கால் உளைவு பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் வரும். விடிந்ததும் போய்விடும். மூட்டும் வீங்காது. மூட்டுவாதமோ விடியற்காலையிலேயே தன் முகத்தைக் காட்டும்.

எமது மக்கள் இதை வாதக்காய்ச்சலோடு குழப்பிக்கொள்வதும் உண்டு. வாதக்காய்ச்சல் ஒருவகைப் பக்ரீரியாவால் வரும் தொண்டை அழற்சியைத் தொடர்ந்து வருவது. மூட்டு நோ ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும். இதய வால்வுகளைப் பாதிக்கக் கூடியது. அதற்கு நீண்டகாலம் பெனிசிலின் ஊசி போட வேண்டும். இரண்டும் வேறு நோய்கள். பிரித்தறிவது மருத்துவரின் வேலை. எனவே ஒரு பிள்ளையின் மூட்டு வீங்கிக் கிழமைக் கணக்கில் நீடிக்குமானால், முறிவு நெரிவு என்று எண்ணி எண்ணெய் போட்டு உருவிக்கொண்டிருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். எமது சுதேச வைத்தியத்தை நாம் மதிக்கின்றோம். ஆனால் அழற்சியுள்ள மூட்டைப் பலமாகப் பிடித்து உருவுவது பிள்ளைக்கு வேதனையையே கூட்டும். அதைவிட, பிந்தும் ஒவ்வொரு மாதமும் மூட்டுக்குச் சேதம் விளைவிக்கலாம்.

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்நோயுள்ள சில பிள்ளைகளின் கண்ணுக்குள் அழற்சி ஏற்படும். பெரும்பாலும் கண் சிவக்காது, நோகாது. பிள்ளை முறையிடவும் மாட்டாது. கவனிக்காமல் விட்டால் பார்வையே போகலாம். கண் மருத்துவர் தமக்குரிய விசேட விளக்குக் கருவியால் பார்த்தால் மட்டுமே தொடக்கத்தில் தெரியவரும். ஆகவே மூட்டுவாதம் என்று தெரிந்தவுடன், கண்ணில் குறை எதுவும் தெரியாவிட்டாலும், மருத்துவர் குறிக்கும் தவணைகளில் கண்ணைக் காட்டியே ஆகவேண்டும்.

மருந்து உண்டு, நம்பிக்கையும் உண்டு

முன்னொரு காலத்தில் இந்நோய் வந்த பிள்ளைகள் பலர் மடங்கிய கால்களோடு வளர்ந்தனர். இன்று நிலைமை வேறு. அழற்சியையும் நோவையும் தணிக்கும் மருந்துகள் உண்டு. மூட்டுக்குள்ளேயே ஊசி போடும் முறை உண்டு. மெதொட்ரெக்சேற் என்னும் மருந்து இப்பிள்ளைகளுக்குப் பயன்தரும் என்பது அமெரிக்க, சோவியத் மருத்துவர்கள் சேர்ந்து நடத்தி 1992 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில் நிறுவப்பட்டது. அந்நூற்றாண்டின் இறுதியிலிருந்து, அழற்சியைத் தூண்டும் பொருட்களையே தடுக்கும் புதிய உயிரியல் மருந்துகளும் வந்துள்ளன. அவை விலை கூடியவை. நோய் அடங்கிச் சாதாரண வாழ்வு வாழும் பிள்ளைகள் இன்று பலர்.

மெதொட்ரெக்சேற் எடுக்கும் பிள்ளைகளின் பெற்றோர் ஒன்றை மறக்கக் கூடாது. மூட்டுவாதத்துக்கு அது வாரத்தில் ஒரு நாள் மட்டுமே கொடுக்கப்படும் மருந்து. தவறி நாள்தோறும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாகும். எந்த நாள் என்பதை வீட்டுக் கலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். கத்தோலிக்க வீடுகளில் ஞாயிற்றுக்கிழமையைத் தெரிவுசெய்தால் மறக்காது என்று ஒரு தாய் சொன்னார். மருத்துவரிடம் கேட்டு அப்படிச் செய்யலாம். இரத்தப் பரிசோதனைத் தவணைகளையும் தவறவிடக் கூடாது.

மருந்தோடு உடற்பயிற்சியும் வேண்டும். நோகின்றது என்று மூட்டை அசைக்காமல் வைத்திருந்தால் தசை மெலிந்து, மூட்டு மடங்கியபடி இறுகிவிடும். நீந்துவதும் துவிச்சக்கர வண்டி ஓடுவதும் இப்பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சிகள் என்பர். உடற்பாரம் மூட்டில் விழாமல் மூட்டு அசைகின்றது என்பதே காரணம். எமது குடாநாட்டில் சைக்கிள் இல்லாத வீடு அரிது. ஒரு மைல் நடக்கத் திணறும் பிள்ளை அதே தூரத்தைச் சைக்கிளில் எளிதாகக் கடக்கலாம். எனவே இப்பிள்ளைக்கு ஒரு சைக்கிள் கொடுப்பதை ஆடம்பரமாகக் கருதக் கூடாது.

இரண்டு மணிக்கூடுகள்

இனிக் கல்விக்கு வருவோம். எமது அரச பாடசாலைகள் காலை 7.30க்குத் தொடங்கிப் பிற்பகல் 1.30க்கு முடிகின்றன. இந்நோயோ விடியற்காலையில் உச்சத்தில் நின்று, முற்பகலில் மெல்ல மெல்லத் தளர்கின்றது. பாடசாலையின் மணிக்கூடும் நோயின் மணிக்கூடும் ஒன்றோடொன்று மோதுகின்றன. எந்த நேரத்தில் பிள்ளை ஆகக் கூடுதலாகத் துன்புறுகின்றதோ, அந்த நேரத்தில்தான் வரவு பதியப்படுகின்றது, காலைப் பிரார்த்தனை நடைபெறுகின்றது, முதற்பாடமும் தொடங்குகின்றது. பல இடங்களில் அது கணிதமாக இருக்கும்.

இந்த மோதலைத் தணிக்கக் குடும்பம் செய்யக் கூடியது உண்டு. பிள்ளையை ஒரு மணித்தியாலம் முன்னதாக எழுப்பி, இளஞ்சூட்டு நீரில் குளிக்க வார்த்து, மூட்டுக்களை மெதுவாக அசைக்கச் செய்யலாம். அழற்சி தணிக்கும் மருந்தைச் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்தால் வயிற்றைப் புண்ணாக்கும். காலைச் சாப்பாடு இல்லாமல் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள் எமது கிராமங்களில் எத்தனை பேர் என்பதை நாம் அறிவோம். இப்பிள்ளைக்குக் காலை உணவும் மருந்தின் ஒரு பகுதியே. மார்கழிக் குளிரில் சுடுதண்ணீர் வைக்க விறகு வேண்டும். அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பாடசாலை செய்யக் கூடியது இன்னும் எளிது. பிந்தி வந்தால் தண்டனையின்றி வகுப்புக்குள் செல்ல அதிபர் அனுமதி கொடுப்பதே அது. ஒரு சதமும் செலவில்லை. ஆனால் அந்த அனுமதி கிடைக்காததால் பாடசாலையையே விட்டுவிடும் நிலை ஒரு பிள்ளைக்கு வரலாம். எமது சிறுமி அந்த நிலைக்கு மிக அருகில் போயிருந்தாள்.

இந்நோய் நாளுக்கு நாளும் மாறும். நேற்று ஓடிய பிள்ளை இன்று நொண்டும். "நேற்று ஏலுமெண்டால் இண்டைக்கு ஏன் ஏலாது?" என்ற கேள்வி நியாயமானதாகத் தோன்றும். இந்நோயைப் பொறுத்தவரை அது நியாயமற்ற கேள்வி. எமது குடாநாடு அங்கவீனத்தை அறியாத மண் அல்ல. போரில் கால் இழந்தவர்களுக்காக 1987 முதல் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் இயங்கி வருகின்றது. செவிப்புலன், விழிப்புலன் இழந்த பிள்ளைகளுக்குக் கைதடியில் பாடசாலை உண்டு. கண்ணால் காணும் குறைக்கு இரங்க எமக்குத் தெரியும். காலை ஏழு மணிக்கு இருந்து பதினொரு மணிக்கு மறையும் குறைக்கு இரங்க நாம் இன்னும் பழகவில்லை.

வகுப்பறையில் கவனிக்க வேண்டியவை

ஆசிரியர்களின் கவனத்துக்குச் சிலவற்றைக் குறிப்பிடுகின்றோம்.

எழுத்து: விரலும் மணிக்கட்டும் நோகும் பிள்ளையால் வேகமாக எழுத முடியாது. தடித்த பேனா, அல்லது சாதாரண பேனாவில் துணியோ இறப்பரோ சுற்றித் தடிப்பாக்கியது, பிடிக்க இலகுவாக இருக்கும். நீண்ட குறிப்புகளை நண்பரின் கொப்பியிலிருந்து படப்பிரதி எடுத்துக் கொடுக்கலாம். பத்துக் கணக்குக்குப் பதிலாக ஐந்து கணக்குக் கொடுத்து, அறிவை மட்டும் சோதிக்கலாம். விடையைச் சில வேளைகளில் வாயால் கேட்கலாம்.

இருக்கை: இரண்டு பாடங்களுக்கு மேல் அசையாமல் இருந்தால் மூட்டு இறுகும். கரும்பலகையைத் துடைக்கவும் கொப்பிகளைப் பகிரவும் இப்பிள்ளையை அழையுங்கள். எல்லோரும் பார்க்க "எழும்பி நட" என்று சொல்லுவதிலும் இது நல்லது. நிலத்தில் சம்மணமிட்டு இருக்கக் கட்டாயப்படுத்த வேண்டாம். மாலை வேளை ரியூசன் வகுப்புகளில் ஒடுங்கிய வாங்குகளில் மூன்று மணித்தியாலம் இருத்தி வைப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

படிக்கட்டு: பல பாடசாலைகளில் மேல்வகுப்புகள் மாடியில் நடைபெறுகின்றன. இப்பிள்ளை படிக்கும் வகுப்பை அந்த ஆண்டு கீழ்த்தளத்துக்கு மாற்றினால் போதும்.

புத்தகப் பை: 1980 முதல் எமது நாட்டில் அரசு பாடநூல்களை இலவசமாக வழங்கி வருகின்றது. முந்திய ஆண்டு மாணவரிடமிருந்து பழைய தொகுதி ஒன்றைப் பெற்று வகுப்பில் வைத்தால், ஒரு தொகுதி வீட்டிலும் ஒரு தொகுதி பாடசாலையிலும் இருக்கும். சுமை பாதியாகும்.

மலசலகூடம்: குந்தியிருக்க முடியாத பிள்ளை, பாடசாலையில் மலசலகூடத்துக்குப் போகாமலிருக்கத் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடும். பெண்பிள்ளைகள் இதை எவரிடமும் சொல்லமாட்டார்கள். ஒரு கொமட், பிடித்து எழும்ப ஒரு குழாய், இவை போதும். பழைய மாணவர் சங்கங்கள் செய்யக் கூடிய வேலை இது.

விளையாட்டு: முற்றாக விலக்கி வைக்க வேண்டாம். இயலும் நாளில் இயன்றதைச் செய்யட்டும். இயலாத நாளில் புள்ளி குறிக்கட்டும். ஓரமாக இருத்திவிட்டால் பிள்ளை நோயைவிடத் தனிமையால் துன்புறும்.

வீட்டின் பாரம்

நோய் ஒரு பிள்ளைக்கு வந்தாலும் வீடு முழுவதும் அதைச் சுமக்கின்றது. கிளினிக் நாளில் தாய் விடிய முன் எழும்பிச் சமைத்து வைத்து, முதல் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போக வேண்டும். குழந்தைகள் பிரிவு, கண் பிரிவு, இயன்மருத்துவப் பிரிவு என்று வெவ்வேறு நாட்களில் தவணை வந்தால், மாதத்தில் மூன்று நாட் கூலி போய்விடும். வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலிக்கு நிற்கும் பெண்ணுக்கு அது சிறிய தொகை அல்ல. விசேட சிகிச்சைக்காகக் கொழும்புக்கு, சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் போக நேர்ந்தால், ஒரு வழிப் பயணமே ஏறக்குறைய 400 கிலோமீற்றர். மற்றப் பிள்ளைகளை அம்மம்மாவிடம் விட வேண்டும். "எல்லாம் அவளுக்குத்தான்" என்று அண்ணன் முணுமுணுப்பான். அவனுக்கும் ஆறுதல் வேண்டும்.

போர்க்காலத்தில் இப்பாரம் இன்னும் கொடியதாக இருந்தது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் மருந்துகள் தட்டுப்பாடாயின. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது கிளினிக் தொடர்புகள் அறுந்தன. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிலும் நாடெங்கும் மருந்துக்கும் எரிபொருளுக்கும் அலைந்தோம். இதிலிருந்து ஒரு சிறு பாடம்: கிளினிக் கொப்பியின் பிரதி ஒன்றை வீட்டில் வேறாக வைத்திருங்கள். மருந்து முடிய முன்னரே அடுத்ததைத் தேடுங்கள்.

பணத்தைவிடப் பெரிய பாரம் ஒன்றும் உண்டு. எமது சிறுமியின் நோயைப் பற்றிப் பாடசாலைக்கு ஒரு கடிதம் எழுதுவோம் என்று நாம் சொன்னபோது, தாய் மறுத்துவிட்டார். "கடிதம் குடுத்தால் ஊருக்குத் தெரிஞ்சிடும் பாதர். நாளைக்கு இவளை ஆர் கட்டுவினம்?" என்று கேட்டார். எட்டு வயதுப் பிள்ளையின் கலியாணத்தை நினைத்து ஒரு தாய் நோயை மறைக்கின்றார். அவரைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. அவருடைய பயம் கற்பனை அல்ல. சீதனமும் குறையும் பேசும் சமூகம் நாமே. ஆனால் மறைத்ததன் விலையைப் பிள்ளை நாள்தோறும் பாடசாலையில் செலுத்திக்கொண்டிருந்தது. நோய் என்று தெரியாததால்தான் பஞ்சி என்ற பெயர் நிலைத்தது. மூன்று மாதங்கள், நான்கு சந்திப்புகள் கழித்து, வகுப்பாசிரியருக்கும் அதிபருக்கும் மட்டும் சொல்லுவது என்ற உடன்பாட்டோடு அவர் சம்மதித்தார். அந்த வரையறையை நாம் மதித்தோம். எவருக்குச் சொல்லுவது என்பதைக் குடும்பமே, வளர்ந்த பின் பிள்ளையே, முடிவு செய்ய வேண்டும்.

பிற நாடுகள் கற்ற பாடம்

இங்கிலாந்தில் ரப்லோ என்னும் இடத்திலிருந்த கனேடிய செஞ்சிலுவை ஞாபகார்த்த வைத்தியசாலையில் 1947 இல் சிறுவர் மூட்டுவாதத்துக்கென ஒரு விசேட பிரிவு தொடங்கப்பட்டது. எரிக் பைவோட்டர்ஸ், பார்பரா அன்சல் ஆகிய மருத்துவர்கள் அங்கே பணியாற்றினர். அக்காலத்தில் பிள்ளைகள் மாதக்கணக்கில் வைத்தியசாலையிலேயே தங்கினர். அவர்களுக்காக அங்கேயே பாடசாலையும் நடந்தது. மருந்துகள் குறைவாயிருந்த காலத்திலேயே, கல்வியைச் சிகிச்சையிலிருந்து பிரிக்கக் கூடாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். பின்னர் சிகிச்சை முன்னேற, பிள்ளை தன் வீட்டிலிருந்து தன் ஊர்ப் பாடசாலைக்கே போக வேண்டும் என்பது பொது நோக்காயிற்று. அமெரிக்காவில் 1973 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, இத்தகைய பிள்ளைக்கு மேலதிக நேரம், இரண்டாவது புத்தகத் தொகுதி போன்றவற்றைப் பாடசாலை எழுத்தில் உறுதிசெய்து கொடுக்கும் வழக்கம் உண்டு.

எமது நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1945 முதல் கல்வி இலவசம். 2016 முதல் 5 வயது தொடக்கம் 16 வயது வரை கல்வி கட்டாயம். இயலாமையைக் காரணங்காட்டிப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் கூறுகின்றது. இயலாமையுடையோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிசெய்தது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் ஆகிய பரீட்சைகளில் விசேட தேவையுள்ளோருக்கு மேலதிக நேரம் முதலிய சலுகைகளைப் பெற வழி உண்டு. மருத்துவச் சான்றிதழோடு அதிபர் மூலம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பரீட்சைக்கு முதல் வாரம் ஓடினால் கிடைக்காது. ஆண்டின் தொடக்கத்திலேயே அதிபரோடு பேசுங்கள். இங்கேயும், கேட்பதற்கு முதலில் சொல்ல வேண்டும். சொல்லாத நோய்க்குச் சலுகை இல்லை.

ஒரு பக்கக் கடிதம்

கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பது ஆங்கிலம். தாய்க்கும் விளங்காது, பல ஆசிரியருக்கும் விளங்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிசன் மருத்துவர் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அந்த மரபுள்ள மண்ணில், ஒரு பிள்ளையின் நோயைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுத எம்மால் முடியாதா? பங்குகளும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் இதற்கு உதவலாம். கடிதத்தில் இவை இருந்தால் போதும்:

1. நோயின் பெயர், அது தொற்றாது என்ற உறுதி.
2. எந்த மூட்டுக்கள், எந்த நேரத்தில் கூடுதலாக நோகும்.
3. எந்த நாளில் எந்த மருந்து, பாடசாலையில் கொடுக்க வேண்டியது ஏதும் உண்டா.
4. கிளினிக் நாட்கள், அந்நாட்களில் தவறும் பாடங்களைப் பெறும் வழி.
5. பிந்தி வர அனுமதி, எழுத மேலதிக நேரம், கீழ்த்தள வகுப்பு போன்ற வேண்டுகோள்கள்.

மருத்துவரிடம் காட்டிச் சரிபார்த்துக் கையொப்பம் பெறுங்கள். பிள்ளை தரம் மாறும்போது புதிய வகுப்பாசிரியருக்கும் புதிதாகக் கொடுங்கள். ஒரே பிரதேசத்தில் இத்தகைய இரண்டு மூன்று குடும்பங்கள் இருந்தால் ஒன்றாகச் சந்திக்க இடம் ஒழுங்கு செய்யுங்கள். "உங்கடை பிள்ளைக்கும் இப்பிடியோ?" என்று ஒரு தாய் இன்னொரு தாயைக் கேட்கும்போது கிடைக்கும் தைரியத்தை எமது பிரசங்கங்கள் கொடுப்பதில்லை.

எமது ஆலயங்களையும் திருத்துவோம். உடல்நலக் காரணத்தால் முழந்தாளிட முடியாதோருக்குத் திருப்பலி நூலின் பொது அறிவுறுத்தலே விலக்கு அளிக்கின்றது. அதை மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு நாம் சொல்லிக் கொடுத்ததில்லை. மாற்கு நற்செய்தியின் 2 ஆம் அதிகாரத்தில், நடக்க முடியாத ஒருவரை நால்வர் கட்டிலோடு தூக்கி வந்தனர். கூட்டத்தால் வாசலில் இடமில்லை. எழுந்து வரிசையில் வா என்று அவர்கள் நோயாளிக்குச் சொல்லவில்லை. கூரையைப் பிரித்து வழி உண்டாக்கினார்கள். பாடசாலை நேரமும், மாடி வகுப்பும், குந்தும் மலசலகூடமும், முழந்தாளிடும் பலகையும் நாம் பிரிக்கக் கூடிய கூரைகளே. குடும்பம், ஆசிரியர், மருத்துவர், ஊர் என்ற நால்வரும் சேர்ந்து தூக்கினால் பாரம் எவருக்கும் பெரிதல்ல.

அந்தச் சிறுமி இன்று சாதாரண தர வகுப்பில் படிக்கின்றாள். வகுப்பு கீழ்த்தளத்தில் நடைபெறுகின்றது. சில நாட்களில் எட்டரை மணிக்குத்தான் வருவாள். எவரும் ஏசுவதில்லை. வைத்தியம் இன்றிக் கழிந்த அந்த இரண்டு ஆண்டுகளின் அடையாளமாக வலது மணிக்கட்டு மட்டும் முழுமையாக மடங்காது. அது இனித் திரும்பி வராது. இன்னொரு பிள்ளைக்கு அந்த இரண்டு ஆண்டுகள் வீணாகாமல் தடுக்க எம்மால் முடியும்.

ஆகவே அன்பான பெற்றோரே, ஆசிரியர்களே, அடுத்த முறை ஒரு பிள்ளையைப் பார்த்து 'பஞ்சி' என்று சொல்ல வாய் எடுக்கும்போது, முதலில் ஒரு கேள்வி கேட்போம்: "காலமை எழும்பேக்கை உனக்கு எங்கை நோகுது, பிள்ளை?"